வராதவர்களின் அக்கா

கூழ் வார்க்கும்போது அக்காவின் கை பானையில் இருக்கும், கண் ஏரியூர் ரோட்டில் இருக்கும். அகப்பை எழும், சட்டி நிறையும், அடுத்த சட்டி வரும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. முகம் மட்டும் வரிசைப் பக்கம் திரும்பாது. பாதி வரிசை நகர்ந்ததும் அகப்பையை என் கையில் திணித்துவிட்டு, "இன்னிக்கு யாரு வரல?" என்பார். எனக்கு எப்படித் தெரியும்? வந்தவர்களுக்கே பானை எட்டுமா என்று தவித்துக்கொண்டிருப்பேன். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவும் மாட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிடுவார்.

ஜப்பான்காரன் சண்டைக் காலம் அது. மழையும் ஏமாற்றிவிட்டது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பென்னாகரத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சந்தைத் திடலில், மரத்தடியில், பாலத்துக்கு அடியில் என்று எங்கே பார்த்தாலும் மூட்டையும் முடிச்சுமாக மனிதர்கள். கடலை மண்டிக்காரர் ஒருவர் தன் சரக்குக் கிட்டங்கியைக் காலி செய்துகொடுத்துக் கஞ்சித் தொட்டி ஆரம்பித்தார். கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து கமிட்டி போட்டார்கள். ராகியும் சாமையும் வந்தன. காய்ச்ச ஆள் வேண்டியிருந்தது.

நான் தையற்காரன். துணி சர்க்கார் கன்ட்ரோலுக்குப் போய்விட்ட பிறகு தைக்க எதுவும் வரவில்லை. மிஷினுக்கு ஒரு கோணியைப் போர்த்திவிட்டு அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். அப்படித்தான் எனக்கு அக்காவைத் தெரியும். அவருடைய பெயரும் தெரியும். ஆனால் எழுதப்போவதில்லை. ஒருவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்வதென்றால் அவருக்கு ஒரு பயம் வந்திருந்தது. அது வந்த விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் நாள் அவரும் வரிசையில்தான் நின்றார். அவருடைய முறை வந்தபோது நான் அகப்பையைத் தூக்கினேன், ஆளைக் காணோம். சற்று நேரத்தில் ரோட்டுப் பக்கமிருந்து வேகமாக வந்தார்.

"அங்க புளியமரத்துக்கிட்ட ஒரு பெரியவரு படுத்திருக்கறாரு. ஊத்துங்க, கொண்டு போறேன்."

"வரிசையில வந்தாத்தாம்மா ஊத்தச் சொல்லியிருக்காங்க."

"வரிசையில நிக்கத் தெம்பிருக்கறவங்க எப்படியும் பொழைச்சுக்குவாங்க. ஊத்துங்க."

அவர் சொன்ன தொனியில் என் கை தானாகப் பானைக்குள் போனது. பெரியவருக்குக் கொடுத்துவிட்டு அவர் திரும்பியபோது பானை காலி. அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டி நின்றபடியே தின்றார். மறுநாள் காலையில் நான் போவதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. கேட்டதற்கு, "வந்தவங்கள நீங்க பாத்துக்குங்க தையக்காரரே. வராதவங்கள நான் பாக்கறேன்" என்றார். வேலை அன்றைக்கே பங்காகிவிட்டது.

எந்த ஊர் என்று கேட்டேன்.

"எங்க ஊரு தண்ணிக்கு அடியில இருக்குதுங்க."

அடுத்த தெருவில் இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். மேட்டூரில் அணை கட்டி நீர் தேக்கியபோது காவேரிக் கரையில் முழுகிப்போன ஊர்களில் ஒன்று. நிலம் இருந்தவர்களுக்கு வேறு இடத்தில் ஏதோ கிடைத்ததாம். கூலிக்குப் போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. புது இடத்துக் காய்ச்சலில் புருஷன் போனான். அதற்குப் பிறகு ஓரிடத்தில் தங்கினதாக அவர் சொல்லி நான் கேட்கவில்லை. தண்ணீர் ஏறும்போது எல்லாரும் மேட்டுக்குப் போய்விட்டார்களாம். காது கேளாத கிழவர் ஒருவர் ஆற்றோரக் கொட்டாயிலேயே இருந்துவிட்டது பிறகுதான் நினைவுக்கு வந்ததாம். "பரிசல்ல போய்ப் பாத்தாங்க" என்று மட்டும் சொன்னார். பார்த்தது என்ன என்று சொல்லவில்லை. அதனால்தான் அப்படி ஆனாரா, பிறவியிலேயே அப்படியா, எனக்குத் தெரியாது.

அவரோடு வேலை செய்வது சுலபமில்லை. கொதிக்கும் பானையை இறக்க இரண்டு பேர் வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். ஒரு நாள் அப்படித் தனியாக இறக்கப்போய்ப் பானை சாய்ந்தது. ஒரு வேளைக் கூழ் முழுவதும் மண்ணில் ஓடியது. வரிசையில் நின்றவர்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எங்கிருந்தோ ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்த அக்கா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறு பானைக்கு மாவு கரைத்தார். கரைத்து முடித்தபோது அவர் கால் மறுபடியும் ரோட்டில் இருந்தது.

மண்டிக்காரர் என்னிடம் கேட்பார்: "அந்தப் பொம்பளைக்கு ஒரு எடத்துல ஒக்காரவே தெரியாதாய்யா?"

தெரியும். உட்கார வேண்டிய இடத்தில் நன்றாகவே தெரியும். சந்தைத் திடலில் ரங்கூனிலிருந்து நடந்து வந்தவன் ஒருவன் கிடந்தான். குண்டு விழுந்து ஊரே ஓடியபோது பெண்டாட்டியோடு கிளம்பி, காட்டு வழியில் அவளை இழந்துவிட்டு வந்தவன் என்று பிறகு தெரிந்தது. அப்போது ஒன்றும் தெரியாது. அருகில் போனால் கல் எறிவான், அவ்வளவுதான். பசியில் இருக்கிறானே என்று நான் ஒரு நாள் சட்டியோடு நேராகப் போய் அவன் முன்னால் நின்று, "இந்தாப்பா, குடி" என்றேன். கல் என் முழங்காலில் பட்டது.

அக்கா என்னைத்தான் கோபித்துக்கொண்டார். "நின்னுக்கிட்டு ஏன் பேசுனீங்க? கீழ கெடக்கறவனுக்கு நின்னுட்டிருக்கறவன் எல்லாரும் போலீஸ்காரன்தான்."

முறத்தில் ராகியை எடுத்துக்கொண்டு போய் அவனுக்குக் கொஞ்ச தூரத்தில், கல் எட்டாத இடத்தில், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கல் பொறுக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து வரும்போது கூழை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். உட்காரும் இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. எனக்கு எரிச்சலாக இருந்தது. இங்கே இத்தனை பேர் காத்திருக்க, ஒருத்தனுக்காக அரை நாளா?

ஒரு நாள் அவன் வாயைத் திறந்தான். "அதுல கல்லு இருக்குது" என்றான்.

"எங்கங்க? எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியல" என்று அக்கா முறத்தை அவன் பக்கம் தள்ளினார். அவன் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். அந்த வாரமே எங்கள் அடுப்புக்கு விறகு பிளக்க வந்துவிட்டான். பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் அவனுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். போகச் சொல்லி நான் எவ்வளவோ சொன்னேன். அக்கா ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "போவணும்னு தோணுனா அவரே போவாரு" என்றார்.

மண்டிக்காரருக்கும் அக்காவுக்கும் ஆகவே ஆகாது. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய தானியம்தான் அத்தனை வயிற்றிலும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் யாராவது பெரிய மனிதர் வந்தால் கூட்டிக்கொண்டு வந்து வரிசையைக் காட்டுவார். எந்த ஊர், என்ன சாதி, ஏன் வந்தாய் என்று ஒவ்வொருவரையும் உரக்கக் கேட்பார். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வார்கள். ஒரு தடவை அக்கா அகப்பையை நிறுத்திவிட்டார்.

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"தெரிஞ்சுக்க வேணாமாம்மா?"

"தெரிஞ்சு ஊருக்கொரு கூழா காய்ச்சப் போறோம்?"

வந்திருந்த பெரிய மனிதர் சிரித்துவிட்டார். மண்டிக்காரருக்கு முகம் கறுத்துப்போயிற்று. அன்றைக்கே அக்காவை அனுப்பியிருப்பார். சம்பளம் வாங்காத ஆளை எங்கிருந்து அனுப்புவது?

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மண்டிக்குப் பின்னால் கடலைத் தோல் மலைபோலக் குவிந்து கிடக்கும். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் குழந்தையின் காலடியை அக்கா பார்த்தார். யாரோ ஒளிந்திருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது, குவியலுக்குள் போகவில்லை. என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் நிற்கும் என்னிடம் ஊருக்கே கேட்கும்படி சத்தமாகப் பேசினார்:

"தையக்காரரே, இந்தப் பக்கம் ஆம்பளைங்க யாரும் வர மாட்டாங்க. நான் கூழ வெச்சுட்டுப் போறேன். மறுபடி நாளைக்கு மத்தியானந்தான் வருவேன். அதுவும் பாட்டுப் பாடிக்கிட்டேதான் வருவேன்."

இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் சட்டி காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சொன்னபடி மத்தியானம் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே போனார். சில நாள் கழித்து ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, இடுப்பில் பையனோடு வெளியே வந்தாள். வலது முழங்கையில் வெந்த புண். "அடுப்புல பட்டுடுச்சுங்க" என்றாள். "செரி கண்ணு" என்று அக்கா தேங்காயெண்ணெய் தடவினார். அடுப்பு அந்த இடத்தில் படாது என்பது எனக்கே தெரிந்தது.

அப்போது கமிட்டி பழைய கோணிகளைக் கொடுத்து, உடுத்த ஒன்றுமில்லாதவர்களுக்கு மேலே போட்டுக்கொள்ள ஏதாவது தைக்கச் சொல்லியிருந்தது. மிஷின் மறுபடி ஓடியது. அந்தப் பெண் வந்து நூலை வெட்டிக்கொடுத்தாள். பிறகு கையாலேயே ஓரம் மடித்துத் தைத்தாள். நல்ல கை. வரிசை முழுவதும் போன பிறகுதான் சாப்பிடுவாள். எந்நேரமும் வாசலுக்கு முதுகைக் காட்டாமல் உட்காருவாள். ஒரு நாள் பையனுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் தன் பெயரையும் ஊரையும் தானாகவே சொன்னாள். ஏரியூர்ப் பக்கம். சொல்லிவிட்டு அழுதாள்.

பிறகு ஒரு நாள் அவள் வரவில்லை.

அக்கா அன்றைக்கு இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது. கடலைத் தோல் குவியலை ஆட்கள் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். இடம் காலி. கிணறுகளை எட்டிப் பார்த்தார். ஏரிக்குப் போனார். திரும்ப வந்தார். நின்ற இடத்தில் நிற்காமல், "அவ போயிட மாட்டா, அவ சொல்லாமப் போவ மாட்டா" என்று அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஏரியூர் ரோட்டைப் பிடித்தார். வழியில் ஒரு கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவர்களிடம் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, கையிலே புண், இடுப்பிலே பையன் என்று அடையாளம் சொல்லி, "பாத்தீங்களா, பென்னாகரம் தொட்டியில இருந்த பொண்ணுங்க" என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் கிடைத்துவிட்டாள். குவியலை வாரியதும் பயந்து, ஏரிக்கரையில் இடிந்து கிடந்த மண்டபத்துக்குப் போய்ப் படுத்திருக்கிறாள். பையனுக்குக் காய்ச்சல். அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு வந்த நடையை நான் பார்த்தேன், கால் தரையில் பாவவில்லை. வாய் நிறையச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கிணற்றடியில் நின்றவர்களில் ஒருத்தி அந்தப் பெண்ணின் புருஷன் வீட்டுக்குச் சொந்தம். கூழ் வார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. புருஷனும் அவன் அண்ணனும் இறங்கினார்கள். அண்ணன்தான் பேசினான். புருஷன் பையனைத் தூக்கிக்கொண்டான். வரிசையில் இருந்தவர்கள் தங்கள் சட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். மண்டிக்காரர், "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், நாம நடுவுல போவக்கூடாது" என்றார். அந்தப் பெண் கத்தவில்லை. கையிலிருந்த ஊசியை என் மிஷின்மேல் பத்திரமாகக் குத்தி வைத்தாள். அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களா சொன்னீங்க?"

"நாந்தான் கண்ணு" என்றார் அக்கா.

வண்டி போய்விட்டது. அக்கா அகப்பையை எடுத்தார். அன்றைக்கு வார்த்த கூழில் பாதி சட்டிக்கு வெளியேதான் விழுந்தது. யார் வரவில்லை என்று கேட்கவில்லை. ரோட்டைப் பார்க்கவில்லை. மறுநாள் அக்காவையே காணோம்.

கடலை பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணின் புருஷன் ஊருக்கே கூலிக்குப் போயிருந்தார். கிணற்றுப் பாசனம் இருந்ததால் அவர்கள் அந்த வருஷமும் கடலை போட்டிருந்தார்கள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அவர்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்தில் கடலை பறித்திருக்கிறார். கஞ்சித் தொட்டியில் நானும் ரங்கூன்காரனும் திண்டாடினோம். நடக்க முடியாதவர்களுக்கு யார் கொண்டுபோவது? ரங்கூன்காரன் விறகை விட்டுவிட்டுச் சட்டியோடு போனான். அக்காவைப் போலவே கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து, பேசாமல் வைத்துவிட்டு வந்தான்.

அறுவடை முடிந்து அக்கா திரும்பினார். நடந்ததைச் சொன்னார். வாய்க்காலில் துணி துவைக்க வந்த இடத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தாராம். அவள் மிரண்டுபோய், "நீங்க இங்க வரக்கூடாதுங்க. அவிங்களுக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் அடி" என்றாளாம்.

"நான் என்ன கண்ணு செய்யட்டும்? நீயே சொல்லு."

"ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா இருங்க. எனக்குத் தோணும்போது நானே சொல்லியனுப்பறேன்."

"சும்மா இருக்கச் சொல்லிட்டா தையக்காரரே" என்று என்னிடம் சொல்லும்போது அக்காவின் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது. கழுவின பானையை மறுபடி கழுவினார். பெருக்கின இடத்தையே பெருக்கினார். ஏரியூர் ரோட்டில் பாலம் வரைக்கும் போவார், நிற்பார், திரும்பி வருவார். அந்த நாட்களில்தான் பெயர் பயம் வந்தது. எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இங்கே வருகிறவர் யார் பெயரையும் வெளியே சொல்லக்கூடாது, உள்ளேயும் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்றார். கம்பளி, மஞ்சள் பை, ஒற்றைக் கடுக்கன் என்றுதான் கூப்பிட்டோம். யாராவது வந்து விசாரித்தால், "இங்க தெனம் எத்தனையோ பேரு வர்றாங்க போறாங்க" என்பதுதான் பதில்.

சும்மா இருந்தாலும் ஒரு காரியம் செய்திருந்தார். ஊர் ஊராகப் போகும் வளையல்காரம்மா ஒருத்தி, அந்த வீட்டுக்கும் போகிறவள். அவளிடம், "அவளா ஏதாச்சும் சொன்னாக் கேட்டுட்டு வாங்க. நீங்களா எதுவும் கேக்காதீங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

தை பிறந்த பிறகு வளையல்காரம்மா வந்தாள். வரும் சந்தைக்கு அண்ணனும் தம்பியும் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு பென்னாகரம் வருகிறார்கள், பையனுக்கு மந்திரிக்க வேண்டும் என்று சொல்லி நானும் வண்டியில் வருகிறேன், அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று அந்தப் பெண் சொல்லியனுப்பியிருந்தாள்.

அக்கா நேராக மண்டிக்காரரிடம் போனார். நானும் கூடப் போனேன். மூட்டை போடும் இடத்தில் அவர்கள் கொஞ்ச நேரம் நின்றாக வேண்டும். அதை அவர்தான் செய்ய முடியும்.

"வருசா வருசம் எனக்கு மூட்டை போடற குடும்பம்மா அது" என்றார் மண்டிக்காரர்.

"தெரியுங்க."

"நாலு பேரு என்னாம்மா பேசுவாங்க?"

"தெரியுங்க."

"நாளைக்கு அவன் வந்து என் சட்டையப் புடிச்சா?"

"புடிப்பானுங்க."

வெற்றிலையை மென்றுகொண்டே சுவரைப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் வெளியே வந்தோம். "வேற எங்கயும் போய்க் கேக்கறதுக்கு இல்ல" என்றார் அக்கா.

சந்தை அன்றைக்கு வண்டி வந்தது. மூட்டைகள் இறங்கின. நான் கோணிச் சட்டைகளை அடுக்குவதுபோல மண்டி வாசலிலேயே நின்றேன். மண்டிக்காரர் முதல் மூட்டையைப் பிரித்தார். ஒரு கடலையை எடுத்து உடைத்தார், வாயில் போட்டார், துப்பினார்.

"ஈரமா இருக்குதே. எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டுங்க."

"போன வருசமெல்லாம் இப்படிப் பாக்கலீங்களே?"

"போன வருசம் போன வருசம். கொட்டுய்யா."

ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டார். தராசு சரியில்லை என்று தானே சொல்லி அதை இறக்கி மறுபடி மாட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு மோசமாக வியாபாரம் செய்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் பையனோடு சந்தைக் கூட்டத்துக்குள் போய், மறு பக்கமாக வெளியே வந்தாள். தர்மபுரி பஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம், கரியில் ஓடும் பஸ். பின்னால் ஒரு பெரிய டிரம், அதில் கரியைப் போட்டு, கைப்பிடி வைத்த ஊதுவிசிறியைச் சுற்றிச் சுற்றி நெருப்பைக் கிளப்பினால்தான் வண்டி நகரும். ரங்கூன்காரன் கிளீனரை விலக்கிவிட்டுத் தானே சுற்றினான். புகை வந்தது, வேகம் வரவில்லை. அக்கா உள்ளே பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது, மடியில் இருந்த பையனும் சேர்ந்து ஆடினான்.

அண்ணன்காரனுக்கு எப்படியோ சந்தேகம் தட்டியிருக்கிறது. மூட்டையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடி வந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எறங்குடி கீழ" என்றான்.

அக்கா எழுந்தார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தானே எழுந்து நின்றாள்.

"நான் வரல. இந்த பஸ்ஸுல இருக்கறவங்க அத்தன பேரும் கேட்டுக்கட்டும். யாரும் என்னைய இழுத்துக்கிட்டுப் போவல. நானாத்தான் போறேன். நான் வரல."

பக்கத்தில் இருந்த ஒரு கிழவி தன் கூடையை நகர்த்தி, அந்தப் பெண்ணுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்தாள்.

"பையன விட்டுட்டுப் போ" என்றான் அவன்.

"பையனும் நான் பெத்ததுதான்."

கண்டக்டர் கத்தினார்: "ஏறறதுன்னா ஏறுங்க, இல்லாட்டிக் கம்பிய விடுங்க. கரி எரிஞ்சு போவுது!"

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. அவன் கம்பியைப் பிடித்தபடி சில அடி நடந்தான், ஓடினான், பிறகு விட்டுவிட்டான். திரும்பி வந்தவன் ஆத்திரத்தில் ரங்கூன்காரனை ஓங்கி அறைந்தான். ரங்கூன்காரன் கையில் விசிறிக் கைப்பிடி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டான்.

மொரப்பூரில் ரயில் ஏற்றிவிட்டு அக்கா சில நாள் கழித்து வந்தார். எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "ரயில்ல ஏத்துனேன்" என்றார். எந்தப் பக்கத்து ரயில் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மண்டிக்காரரும் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நல்லா எடை போட்டீங்க" என்று சொல்லி அக்கா போய்விட்டார். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு அவரிடம் மூட்டை போடவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொல்லிக் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் கிணறுகளும் வற்றின. வரிசை ரோடு வரை நீண்டது. ஒரு நாள் அதில் அந்தப் புருஷன் நின்றான். என்னால் நம்ப முடியவில்லை. அண்ணனோடு சொத்துப் பாகத் தகராறாகி, மாடுகளும் செத்து, வெறுங்கையோடு கிளம்பியிருக்கிறான். தாடி, கிழிந்த வேட்டி. அகப்பை அவன் சட்டிக்கு மேலே ஒரு நொடி நின்றது. அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களுக்கு வார்த்த அதே அளவு வார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவனுக்கா ஊத்தறீங்க?"

"பசிக்குதில்ல."

தினமும் வந்தான். தினமும் கேட்டான். அவள் எங்கே, பையன் எங்கே. முதலில் அதட்டலாக, பிறகு கெஞ்சலாக. ஒரு நாள் காலைப் பிடித்தான். அக்கா காலை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். பதில் மட்டும் இல்லை. பிறகொரு நாள் அவன் வரவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேடிப் போய், வண்டிப்பேட்டையில் காய்ச்சலோடு கிடந்தவனை ரங்கூன்காரன் தோளில் தாங்கி வர, பின்னாலேயே வந்தார். கஷாயம் வைத்துக் கொடுத்தார். அவன் ஜுர வேகத்தில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி அரற்றினான். அக்கா எழுந்து தூரமாய்ப் போய் நின்றுகொண்டார்.

மழை வந்தது. காடுகளில் ஏர் பூட்டினார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, கமிட்டி தொட்டியை மூடுவதென்று தீர்மானித்தது. கடைசி நாள் கூழ் குடித்துவிட்டு அவன் அக்காவின் முன்னால் வந்து நின்றான். நின்றவன், என்ன நினைத்தானோ, கீழே உட்கார்ந்தான்.

"அவ எங்க இருக்கறான்னு கேக்கலீங்க. தேடிப் போவ மாட்டேன். உசுரோட இருக்கறாளா, அத மட்டும் சொல்லுங்க."

அக்காவும் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கே தோன்றியது.

"அத அவதாங்க சொல்லணும்" என்றார் அக்கா. "நான் ஒரு தடவ சொன்னதே போதும்."

அவன் தலையை ஆட்டினான். சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு ஏரியூர் ரோட்டில் நடந்தான்.

பானைகளை மண்டிக்குள் அடுக்கினோம். எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். சிரித்தார். சொல்லிக்கொண்டு போகும் பழக்கம் அவருக்கு இல்லை. நான் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்த்தேன். பிறகு மண்டிக்காரர் கேட்டார், ரங்கூன்காரன் கேட்டான். சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.